எழுத்தும் பொறியும்: ஹொலிவூட் வேலைநிறுத்தத்தை முன்வைத்து ஒரு குறிப்பு

செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் ஆக்கித்தரும் பிரதிகளை விலக்கி மனிதர் எழுதியவற்றையே ஏற்கவேண்டுமென வாதிடுவோர், 'பொறிக்கு ஆன்மா இல்லை' என்பதையே பெரும்பாலும் ஆதாரமாகக் கொள்கின்றனர். இவ்வாதம் போதியதன்று என நாம் கருதுகின்றோம். எழுத்தை அருட்கொடையாகக் காணும் கருத்துமுதல்வாதத்தின் எச்சம் இதிலே உள்ளது. எழுத்து ஓர் உழைப்பு. எழுதுபவருக்கும் வாசிப்பவருக்கும் இடையிலான சமூக உறவு. வினாவை அத்தளத்தில் எழுப்புதல் வேண்டும்.

இவ்வகையில், 2023 மே 2ஆந் திகதி தொடங்கி 148 நாள்கள் நீடித்த அமெரிக்க எழுத்தாளர் சங்கத்தின் வேலைநிறுத்தம் மனங்கொள்ளத்தக்கது. ஏறத்தாழ 11,500 உறுப்பினரைக் கொண்ட அச்சங்கம் ஊதியம், வேலைப் பாதுகாப்பு ஆகியவற்றுடன் இவ்வினாவையும் முன்வைத்துப் போராடியது. அதன் பயனாய் எழுந்த ஒப்பந்தம், பொறியின் ஆக்கத்தை இலக்கியப் பிரதியாகக் கொள்ளலாகாது என்றும், பொறியைப் பயன்படுத்துமாறு எழுத்தாளரை நிறுவனம் கட்டாயப்படுத்தலாகாது என்றும், கையளிக்கப்படுவது பொறியாக்கமாயின் அதனை வெளிப்படுத்த வேண்டும் என்றும் விதித்தது. பொறி எழுதிய வரைவைச் செப்பனிடுபவராக எழுத்தாளரைத் தாழ்த்திக் கூலியைக் குறைத்துவிடுவர் என்ற அச்சமே இவ்விதிகளின் பின்னணியாகும்.

ஆயினும் ஒப்பந்தத்துக்கு ஓர் எல்லை உண்டு. நிறுவனம் இசையுமாயின் எழுத்தாளர் தாமே பொறியை நாட அது இடமளித்தது. பிழைப்பைக் காக்கும் விதி எழுத்தின் தன்மையையும் காக்கும் என எதிர்பார்ப்பதற்கில்லை. விமர்சனத்தின் பணி இங்கேதான் தொடங்குகின்றது.

ஏலவே எழுதப்பட்டவற்றிலிருந்து, அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்தே பொறி வாக்கியம் அமைக்கின்றது. எண்ணற்றோரின் உழைப்பே அதன் மூலதனம். ஆதலின், வழக்கில் நிலைபெற்றதை நோக்கிச் சாய்வது அதன் இயல்பாகின்றது. மனிதரும் வாய்பாடுகளைப் பின்பற்றி எழுதியுள்ளனர் என்பது உண்மையே. ஆனால், அவ்வாய்பாட்டை உடைக்கவேண்டிய நிர்ப்பந்தம் அவர்களுக்கு வாழ்க்கையிலிருந்து பிறக்கின்றது. இதுவரை எவரும் எழுதாத துன்பத்தை அனுபவித்தவரே அதற்கான சொல்லைத் தேடுவர். எழுதியதற்கான பொறுப்பையும் அவரே ஏற்பர். பொறிக்கு இவ்விரண்டும் இல்லை.

எனவே, மனித எழுத்தைத் தெரிவுசெய்வதைப் பழமைமீதான பற்று என ஒதுக்கிவிட முடியாது. 'ஏன் இவ்வாறு எழுதினீர்?' என எழுதியவரை வினவும் வாசகரின் உரிமை அதிலே தங்கியுள்ளது. அவ்வுரிமை இழக்கப்படின் விமர்சனம் யாரை நோக்கிப் பேசும்? கட்டாயத்தைத் தடுக்கச் சங்கத்தால் இயன்றது. தெரிவோ எழுத்தாளர் ஒவ்வொருவரின் கையிலும் உள்ளது.