சத்தம் போடாத வால்வு

2020இல் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது பழைய கார்களுக்கு ஏறிய மவுசு, 2025இல் தடை தளர்ந்த பிறகும் இறங்கியதாகத் தெரியவில்லை. காங்கேசன்துறைப் பக்கமும் வண்டியை முற்றத்தில் கட்டையேற்றி, ஞாயிறு முழுக்க அதன் கீழே கிடப்பது ஒரு மோஸ்தராகிவிட்டது. அதிலும் காற்றால் குளிரும் வொக்ஸ்வாகன் பீட்டில் வைத்திருப்பவர்களின் மிடுக்கே தனி. கராஜுக்குக் கொண்டுபோவது அவர்களுக்குக் கௌரவக் குறைச்சல். இதற்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் எல்லோரும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள்: “பெற்றோல் வராத போர்க்காலத் தடையிலேயே மண்ணெண்ணெயில் ஓட்டின சனம் நாங்கள், எங்களுக்கு ஆர் சொல்லித்தர வேணும்?” எனக்கு நெடுநாளாகப் பிணக்கு இந்தக் கேள்வியோடுதான்.

நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் வேலை பார்க்க பீட்டிலுடையதைவிட இணக்கமான எஞ்சின் கிடையாது. றேடியேற்றர் இல்லை, தண்ணீர்ப் பம்ப் இல்லை, வெடிக்க ஹோஸ் இல்லை. கியர்பெட்டியோடு அதைப் பிடித்திருப்பவை நான்கே போல்ட்டுகள். ஜக்கும் இரண்டு பேரும் இருந்தால் எஞ்சின் தரைக்கு வந்துவிடும். 1969இல் வந்த ஜோன் மியூரின் கைநூலை வைத்துக்கொண்டு, மெக்கானிக்கையே பார்த்திராதவர்கள்கூட உலகெங்கும் இந்த எஞ்சினைப் பிரித்துப் பூட்டியிருக்கிறார்கள். செலவு குறையும், கைக்குத் தொழிலும் வரும். எல்லாம் சரிதான்.

பிழை எங்கே என்றால், எங்கள் ஆட்கள் இந்த வேலையைக் காதால் செய்கிறார்கள். ஸ்குரூட்ரைவரின் முனையை வால்வு மூடியில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, “டப்பட் சத்தம் கேக்குது” என்று சொல்லி, எஞ்சின் சூடாக இருக்கும்போதே திருகி இறுக்கி, சத்தம் அடங்கியதும் கையைத் துடைக்கிற காட்சியை இங்கே எந்த ஞாயிறும் பார்க்கலாம். சுற்றி நிற்பவர்களுக்கும் திருப்தி. அந்த எஞ்சினுக்குக் கேடு தொடங்குவதும் அப்போதுதான்.

வால்வின் முனைக்கும் அதை அழுத்தும் திருகுக்கும் நடுவிலுள்ள டப்பட் இடைவெளி, எஞ்சின் முற்றாக ஆறியிருக்கும்போது 0.15 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். கூடினால் டிக் டிக் என்று கேட்கும்; காதுக்குத் தொந்தரவு, உடனடி ஆபத்து இல்லை. குறைந்தால் ஒன்றுமே கேட்காது. வால்வு தன் இருக்கையில் முழுதாக உட்காராது. சிவக்கச் சூடாகும் எக்ஸோஸ்ட் வால்வுக்குத் தன் வெப்பத்தை இறக்கிவைக்க அந்த இருக்கைதான் பிரதான வழி. அது அடைபட்டால் விளிம்பு கருகும். வால்வின் தலை முறிந்து சிலிண்டருக்குள் விழுந்தால் பிஸ்டனும் போய்விடும். போதாததற்கு, ஓட ஓட இடைவெளி தானாகவும் சுருங்கிக்கொண்டே வரும். ஆகவே பீட்டிலில் அஞ்ச வேண்டியது அமைதிக்குத்தான். காதை நம்புகிறவனுக்கு இது ஒருநாளும் பிடிபடாது. பீலர் கேஜின் மெல்லிய தகடு ஒன்று பிடித்தும் பிடிக்காமலும் அந்த இடைவெளிக்குள் நழுவுகிறதா என்று, விடியப்புறம் எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது பார்ப்பதே வேலை. அதற்கு இரைச்சலும் இல்லை, வேடிக்கை பார்க்க ஆட்களும் இல்லை.

இந்தக் காது எங்கிருந்து வந்தது? யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகளின் கை பழகியது மொரிஸ் மைனரிலும் ஒஸ்ரினிலும். அவை தண்ணீரால் குளிர்பவை. சூடு மிஞ்சினால் ஆவி பறக்கும். வழியில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றினால் போதும். பீட்டிலிலோ கொம்பனி வெப்பமானியே வைக்கவில்லை. ஒயிலுக்கு ஒரு விளக்கு, சார்ஜுக்கு ஒரு விளக்கு. சூட்டைச் சொல்ல எதுவும் இல்லாத எஞ்சினை, சொல்லித் தெரியவைத்த எஞ்சின்களின் பழக்கத்தில் பார்க்கிறோம்.

எக்ஸோஸ்ட் விஷயத்தில் இது இன்னும் மோசம். இந்த ஊரில் கார் ஹீற்றர் எதற்கு என்று, புகைக்குழாயைச் சுற்றியிருக்கும் சூட்டுப்பெட்டிகளைக் கழற்றி எறிந்துவிட்டு நேர்குழாய் போடுகிறார்கள். போடட்டும், அதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பெட்டிகளுக்குக் காற்று கொடுத்த இரண்டு துவாரங்கள் விசிறி உறையில் திறந்தபடியே கிடக்கின்றன. சிலிண்டருக்குப் போக வேண்டிய காற்று அவற்றினூடாக வெளியே போகிறது. எஞ்சினைச் சுற்றியுள்ள தகடுகளையும் ரப்பர் விளிம்பையும் “அழகுக்குப் போட்டது” என்று கழற்றிவிட்டால், கீழே வெளியேறிய சூட்டுக்காற்றையே விசிறி மறுபடி உறிஞ்சும். பழைய வகைகளில் ஒயில் கூலர் மூன்றாவது சிலிண்டரின் காற்றை மறித்துக்கொண்டு நிற்பதால் அந்த எக்ஸோஸ்ட் வால்வுதான் முதலில் போகும் என்று பெயர். இத்தனையும் நடக்கும்போது நேர்குழாயின் முழக்கம், கேட்கக்கூடிய மிச்சசொச்ச எச்சரிக்கைகளையும் மூடிவிடுகிறது.

அந்தப் போர்க்காலத் தடைக்கு வருகிறேன். சூப்பிப் போத்தலால் காபரேட்டருக்குள் சொட்டுப் பெற்றோல் பீச்சி ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிய வித்தையை நானும் மதிக்கிறேன். (1990 ஜூனில் போரால் ஊரே எழும்பிப் போனதால், காங்கேசன்துறையார் அதைப் பழகியது அடுத்தவர் முற்றங்களில் என்பதையும் சொல்ல வேண்டும்.) ஆனால் எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரின் ஒயிலைக் கழுவி, கீழே இறங்கி, எஞ்சின் ஒயிலையே நீராக்கியது. ரிங்குகள் தேய்ந்தன, வால்வுகள் கரியேறின, தெருவெல்லாம் புகை. அந்த எஞ்சின்களை வாழவைத்தோம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன். வேறு வழியின்றித் தின்று தீர்த்தோம். தேவை போன பிறகும் அதையே தொழில் இலட்சணமாகக் கொண்டாடுவது, மெய்யாகவே நல்ல கைகளைக்கூடக் கெடுத்துவிட்டது. அளந்து பார்ப்பவன் பயந்தவன், அளக்காமல் செய்பவனே விண்ணன் என்ற எண்ணம் அந்தப் பெருமையின் மிச்சம்தான்.

கடற்காற்றின் உப்பு சைலன்சரைத் தின்கிறது என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த முறைப்பாடு. உண்மைதான். சந்திக்குப் போய்வரவே வண்டி எடுப்பவர்களுக்கு அது உள்ளிருந்தும் உக்கும், ஆனாலும் போனால் புதிதாக ஒன்று பூட்டலாம். நான் சொல்லும் சேதம் மனிதர் செய்வது.

பீலர் கேஜ் ஒன்றும் கிடைக்காத சாமான் இல்லை. விலையும் ஒரு சைலன்சருக்குக் கிட்ட வராது. சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்பிரஷன் மானியை நாலு பேர் சேர்ந்து வாங்கலாம். வீட்டு வேலையின் பெருமையைப் படம் பிடித்துப் போடுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: அடுத்த முறை மினுங்குகிற குழாயோடு, நான்கு சிலிண்டரின் கம்பிரஷன் எண்களையும் எட்டு வால்வின் இடைவெளியையும் சேர்த்துப் போடுங்கள்.