உறையில் அச்சிட்ட விலை

கொள்கைக்காகப் பாடும் ஒரு கவிஞனை மதிப்பிடப் புகும்போது நாம் பெரும்பாலும் அவனுடைய பாட்டை மட்டுமே நிறுத்துப் பார்க்கிறோம். அந்தப் பாட்டு எவ்வழியாக மக்களிடம் வந்து சேர்ந்தது, அதை விற்றவர் யார், அதன் உரிமை யார் கையில் இருந்தது என்றெல்லாம் கேட்பதில்லை. ஏழைக்காக இரங்கும் பாட்டு, ஏழை வாங்க இயலாத விலைக்கு விற்கப்படுமானால் அந்த இரக்கத்துக்கு என்ன பொருள்? இங்கிலாந்தின் பாடலாசிரியரும் பாடகருமான பில்லி பிராக் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தக் கேள்விக்குத் தம் தொழிலாலேயே விடை கூறி வந்திருக்கிறார். அவருடைய கலையை அறிய அந்த விடையே திறவுகோல் என்பது நம் கருத்து.

1957ஆம் ஆண்டு, கிழக்கு லண்டனைச் சார்ந்த பார்க்கிங் என்னும் தொழிலாளர் ஊரில் அவர் பிறந்தார். 1977இல் நண்பர்களுடன் தொடங்கிய இசைக்குழு நிலைக்கவில்லை. 1981இல் ராணுவத்தில் சேர்ந்தார், அதுவும் ஒட்டவில்லை. மூன்றே மாதத்தில் 175 பவுண்டு கட்டித் தம்மை விடுவித்துக்கொண்டு வெளியே வந்தார். அதன்பின் குழு எதுவும் இல்லாமல், ஒற்றை மின்கித்தாருடன் தாமே எழுதித் தாமே பாடலானார். தொலைக்காட்சிப் பெட்டி பழுதுபார்ப்பவர் என்று சொல்லிக்கொண்டு ஓர் இசைத்தட்டு நிறுவனத்துக்குள் நுழைந்துதான் தம் பாடல்களை உரியவர் செவிக்குக் கொண்டுசென்றாராம்.

1983இல் வெளிவந்த முதல் இசைத்தட்டில் இருந்தவை ஏழே பாடல்கள். மொத்தம் பதினாறு நிமிடம். பி.பி.சி. வானொலியில் புதியவர்களுக்கு வாழ்வளித்த அறிவிப்பாளர் ஜான் பீல், ஓர் இரவு நிகழ்ச்சிக்கிடையே தமக்குப் பசிக்கிறது என்றார். அதைக் கேட்ட பிராக் காளான் பிரியாணி ஒன்றை வாங்கிக்கொண்டு நிலையத்துக்கு ஓடினார். இறைச்சி சேராததைப் பிரியாணி என்று ஒப்புக்கொள்ள நம் இல்லங்களில் சிலர் தயங்கக்கூடும், பீல் தயங்கவில்லை. பாட்டை ஒலிபரப்பினார், ஆனால் தவறான வேகத்தில்! பிரியாணி வராவிட்டாலும் அதை ஒலிபரப்பியிருப்பேன் என்று அவர் பின்னர் சொன்னதை நாம் நம்பலாம். பாட்டில் சரக்கு இருந்தது.

இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். அதே இசைத்தட்டின் உறையில் இருந்த ஒரு வரியே நம் கவனத்துக்கு உரியது. இரண்டு பவுண்டு 99 பென்சுக்கு மேல் கொடுத்து இதை வாங்காதீர் என்று அதன்மீதே அச்சிட்டிருந்தார்கள். விலையை ஏற்றி விற்கும் கடைக்காரரின் கையைக் கட்டிப்போட்ட வரி அது. மேடையில் முழங்குவது எளிது. தன் சரக்கின் இலாபத்துக்குத் தானே வரம்பு கட்டுவது அரிது. 'இண்டி' என்று அந்நாட்டார் அழைக்கும், பெருநிறுவனங்களைச் சாராத இசைமரபுக்கு நேர்மையான விளக்கம் அந்த உறையிலேயே இருந்தது.

1984 மார்ச்சில் தொடங்கி ஓராண்டு நீடித்த சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் பிராக்கை ஊர் ஊராக அழைத்துச் சென்றது. அந்நாளில், 1985இல் வந்த 'பிட்வீன் த வார்ஸ்' என்னும் பாடலில் பேசுகிறவன் ஓர் உழைப்பாளி. அவன் வானத்தைக் கேட்கவில்லை. குடும்பத்தை மானத்தோடு காப்பாற்றும் கூலியையும், தொட்டில் முதல் கல்லறை வரை துணைநிற்கும் அரசையுமே கேட்கிறான். அவன் குரலில் உள்ள அடக்கமே கேட்பவர் நெஞ்சைத் தொடுகிறது. அடுத்த ஆண்டு வந்த 'லீவை ஸ்டப்ஸ் டியர்ஸ்' பாடலில் அரசியல் என்ற சொல்லுக்கே இடமில்லை. இளமையில் மணந்து, கணவனால் வதைக்கப்பட்ட ஒரு பெண், பழைய பாடல்கள் அடங்கிய ஓர் ஒலிநாடாவில் ஆறுதல் தேடுகிறாள். அவ்வளவுதான். ஆயினும் ஒரு சமுதாயத்தின் மனச்சான்றை அது உலுக்குகிறது.

குறையையும் சொல்லத்தான் வேண்டும். மனிதனை விட்டுவிட்டுக் கொடியைப் பிடித்த இடங்களில் பிராக் சறுக்கியிருக்கிறார். 1990இல் வெளியிட்ட 'த இன்டர்நேஷனல்' தொகுப்பு போராட்டப் பாடல்களின் அணிவகுப்பு. அதில் ஒரு கட்சியின் குரல் கேட்கிறது. ஒரு முகம் தெரிவதில்லை. 1985இல் இளைஞரைத் தொழிற்கட்சியின்பால் ஈர்க்க அவரும் பிறரும் அமைத்த 'ரெட் வெட்ஜ்' இயக்கமும் 1987 தேர்தலில் அக்கட்சியின் தோல்வியைத் தடுக்கவில்லை. பாட்டால் வாக்குப்பெட்டியை நிரப்ப முடியும் என்று எண்ணுவது பாட்டுக்கும் நல்லதன்று, அரசியலுக்கும் நல்லதன்று.

அவருக்குப் பெரிய சோதனை வந்தது 1991இல். நான்கு இசைத்தொகுப்புகளுக்கு முன்பணமாகப் பத்து லட்சம் பவுண்டு பேசப்பட்டது. விளம்பரம் பெருகியது, இசையில் மெருகு ஏறியது, விற்பனை மட்டும் எதிர்பார்த்தபடி உயரவில்லை. 1992இல் பிராக் எஞ்சிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தம் பழைய பாடல்கள் அனைத்தின் உரிமையையும் மீட்டுக்கொண்டார். நான்கு ஆண்டுகளுக்குப்பின் அந்நிறுவனம் பாலிகிராம் என்னும் பெருநிறுவனத்தின் கைக்கு முற்றிலும் போய்விட்டது. பிராக்கின் பாடல்கள் போகவில்லை. கையில் வந்த செல்வத்தைக் கொடுத்துத் தன் சொல்லை வாங்கிக்கொண்ட இந்தச் செயலை, அவர் எழுதிய எந்தப் பாட்டுக்கும் குறையாத படைப்பாகவே நாம் கருதுகிறோம்.

2006ஆம் ஆண்டு அவர் பிறந்த பகுதியிலேயே ஓர் இருள் சூழ்ந்தது. குடியேறியவர்களையும் முஸ்லிம்களையும் பகைத்த பிரிட்டிஷ் தேசியக் கட்சி, பார்க்கிங் வட்டார மன்றத்தில் இரண்டாவது பெரிய கட்சியாக எழுந்தது. நாட்டுப்பற்று என்பது அயலானை வெறுப்பது அன்று என்று வாதிட்டு, அதே ஆண்டில் பிராக் ஒரு நூல் எழுதினார். எதிர்ப் பிரசாரத்திலும் இறங்கினார். ஊர் மக்களும் பல அமைப்புகளும் சேர்ந்து உழைத்ததில் 2010 தேர்தலில் அக்கட்சி அங்கே தன் இடங்கள் அனைத்தையும் இழந்தது. அந்த வெற்றியைப் பாட்டின் கணக்கில் எழுதுவது மிகை. ஆயினும் தம் ஊர்க்காரரின் தவற்றைத் தம் ஊர்க்காரராகவே நின்று கண்டித்த துணிவு அவருடையது. அந்தக் குரலின் அருமை, சிறுபான்மையினராய் வாழ்வோர்க்குச் சொல்லாமலே விளங்கும்.

அவர் பிறர் சொல்லுக்குக் காட்டிய மரியாதையும் இத்துடன் சேர்த்து எண்ணத்தக்கது. அமெரிக்க நாட்டுப்புறக் கவிஞர் உடி கத்ரி 1967இல் மறைந்தபோது, மெட்டின்றிக் கிடந்த அவருடைய பாடல்கள் ஆயிரத்துக்கும் மேல். கவிஞரின் மகள் நோரா அவற்றைப் பிராக்கிடம் ஒப்படைத்தார். 'வில்கோ' குழுவினருடன் சேர்ந்து அவர் மெட்டமைத்த 'மெர்மெய்ட் அவென்யூ' 1998இல் வெளிவந்தது. போராளி என்று மட்டுமே அறியப்பட்ட கத்ரி அதில் தந்தையாகவும் காதலனாகவும் குறும்பனாகவும் வருகிறார்.

2023இல், நாற்பதாண்டுப் பாடல்களின் தொகுப்பு பெரிய பெட்டியாக வெளிவந்தது. அந்தப் பெட்டியை எல்லோராலும் வாங்க முடியுமா என்று கேட்பவர் இருக்கலாம். கேள்வி நியாயமானதே, சிறிய தொகுப்பும் உடன் வந்ததை அவர்கள் நோக்க வேண்டும். ஆனால் அப்படி ஒரு கேள்வியை எத்தனை பாடகர்களிடம் நாம் கேட்கத் துணிவோம்? கேட்கும் உரிமையை நமக்குத் தந்தவரே பிராக்தான். 1983இல் ஓர் உறையின்மேல் விலையை அச்சிட்டபோதே, தம்மை அளக்கும் கோலையும் அவர் நம் கையில் கொடுத்துவிட்டார்.