ரப்பர் தேய்த்த இடம்

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் 2025 ஜூலையில் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2027-28 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது மனநலப் பரிசோதனை. வேண்டாம் என்று சொல்லும் உரிமை பெற்றோருக்கு உண்டு. செய்தி வந்ததிலிருந்து, இதை நம் பள்ளிகளிலும் செய்தால் என்ன என்று எனக்குத் தெரிந்த ஆசிரியர்கள் பேசத் தொடங்கிவிட்டார்கள். வினாத்தாளைக் கொடுத்து, பதில்களைக் கூட்டி, பிரச்சினை உள்ள பிள்ளையைக் கண்டுபிடித்துவிடலாமாம். பிள்ளையைப் பற்றிப் பிள்ளையை விட யாருக்குத் தெரியும் என்பது அவர்கள் வாதம்.

மனச்சோர்வு, பயம், சாகலாமா என்ற எண்ணம் ஆகியவற்றில் இந்த வாதம் சரி. உள்ளே நடப்பது வெளியே தெரியாது. தாமஸ் அகன்பாக்கும் சகாக்களும் 1987இல் 119 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பிள்ளைகள் தம்மைப் பற்றிச் சொன்னதற்கும் மற்றவர்கள் அவர்களைப் பற்றிச் சொன்னதற்கும் இடையில் இருந்த ஒட்டுறவுக் கெழு வெறும் 0.22. கேட்காமல் விட்டால் பல துயரங்கள் நமக்குத் தெரியாமலே போய்விடும். ஒப்புக்கொள்கிறேன்.

திருட்டு, பொய், அடிதடி, அடங்காமை என்று நடத்தைக்கு வரும்போதுதான் இந்த முறை எனக்கு அடியோடு தவறாகப் படுகிறது. பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன். நடத்தைப் பிரச்சினை உள்ள பிள்ளை என்று நாம் யாரைச் சொல்கிறோம்? பெரியவர்களை நம்பாத பிள்ளையை. அந்தப் பிள்ளையின் கையில் பென்சிலைக் கொடுத்து, உன் குற்றத்தை நீயே எழுதிக்கொடு என்கிறோம்.

உலகெங்கும் புழங்கும் எஸ்.டி.க்யூ. வினாத்தாளையே எடுத்துக்கொள்வோம். பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ராபர்ட் குட்மேன் 1997இல் வெளியிட்டது, தமிழிலும் இருக்கிறது. 25 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் உண்மையில்லை, ஓரளவு உண்மை, முற்றிலும் உண்மை என்று மூன்று கட்டங்கள். நடத்தைக்கு ஐந்து வாக்கியங்கள், மொத்தம் பத்து மதிப்பெண். பிள்ளைகளே நிரப்பும் படிவத்தில் ஐந்து வந்துவிட்டால் இயல்புக்கு மாறான வரிசை. அதாவது இரண்டு வாக்கியங்களுக்கு முழு உண்மையையும் ஒன்றுக்குப் பாதி உண்மையையும் சொன்ன பிள்ளை மாட்டிக்கொள்ளும். எல்லாவற்றையும் மறைத்த பிள்ளைக்குச் சுழியம். பொய்யைப் பிடிக்க வந்த அளவுகோலில் பொய் சொன்னவன்தான் நல்ல பிள்ளை.

அந்த ஐந்தில் ஒன்றை நினைத்தாலே எனக்குக் கோபம் வரும். நீ பொய் சொல்வாயா என்று அது கேட்பதில்லை. பொய் சொல்வதாக, ஏமாற்றுவதாக உன்மீது அடிக்கடி பழி வருகிறதா என்று கேட்கிறது. வகுப்பில் ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் காணாமல் போனால் யாருடைய பையை முதலில் கவிழ்ப்பார்கள் என்பது எந்த வகுப்பிலும் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பையின் சொந்தக்காரப் பிள்ளை ஒருநாளும் திருடாமலே அந்தக் கேள்விக்கு இரண்டு மதிப்பெண் வாங்கும். அளக்கப்பட்டது ஆசிரியரின் சந்தேகம். எழுதப்பட்டதோ பிள்ளையின் பெயருக்கு எதிரே.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு இந்தப் படிவத்தைக் கொடுக்க நானும் போயிருந்தேன். பரீட்சை போலவே நடந்தது. பெஞ்சுக்கு மூன்று பேர், நடுவில் வகுப்பாசிரியர் நடந்துகொண்டிருந்தார். “சார், பேர் எழுதணுமா?” என்று ஒரு பையன் கேட்டான். எழுதணும் என்றேன். பிறகு திருத்தும்போது அவன் தாள் கைக்கு வந்தது. தனக்குச் சொந்தமில்லாததை எடுப்பது பற்றிய வரியில் முதலில் ‘முற்றிலும் உண்மை’யில் டிக். அழித்திருந்தான். அடுத்து ‘ஓரளவு உண்மை’. அதையும் அழித்திருந்தான். கடைசியில் ‘உண்மையில்லை’. ரப்பர் தேய்த்த இடத்தில் தாள் நைந்து, பின்பக்கத்து எழுத்து தெரிந்தது. அந்த வகுப்பிலேயே யாராவது உட்கார்ந்து பேசவேண்டிய ஒரு பிள்ளை இருந்தான் என்றால் அவன்தான். விதிப்படி அந்த வரிக்குச் சுழியம் போட்டேன்.

விளையாட்டுக்குப் பொய் எழுதுபவர்களை வடிகட்டிவிடலாம் என்பார்கள். அமெரிக்காவில் 1994-95இல் நடந்த ஆட் ஹெல்த் என்னும் மாணவர் கணக்கெடுப்பில் செயற்கைக் கை, கால் இருப்பதாகப் பள்ளியில் எழுதிக்கொடுத்தவர்களில் 253 பேரை வீட்டுக்குப் போய் விசாரித்தபோது, இருவருக்கு மட்டுமே அது உண்மை. வீடு தேடிப் போனதால் அந்தப் பொய் தெரிந்தது. கை, காலைக் கண்ணால் பார்க்கலாம். பயந்து அழித்த டிக்கை எந்த வடிகட்டி பிடிக்கும்?

அதே வகுப்பில் ஒரு பெண் எதையும் மறைக்கவில்லை. கோபம் வரும், சண்டை போடுவேன், சொன்னதைக் கேட்கமாட்டேன் என்று ஒளிவில்லாமல் டிக் போட்டிருந்தாள். நடத்தைக்கு ஆறு. பதில்கள் ரகசியமாக இருக்கும் என்று நாங்கள் சொல்லியிருந்தோம். ஒரு வாரத்தில் அவள் அம்மா வேலையை விட்டுவிட்டு வந்து தலைமையாசிரியர் அறை வாசலில் நின்றார். வகுப்பே ஜன்னல் வழியாகப் பார்த்தது.

அடுத்த ஆண்டு அதே பிள்ளைகளுக்கு அதே படிவம். கால் மணி நேரத்தில் எல்லாரும் முடித்துவிட்டார்கள். நடத்தை வரிகளில் ஏறக்குறைய வகுப்பு முழுக்கச் சுழியம். அந்தப் பெண்ணுக்கும் சுழியம். பள்ளி தயாரித்த அறிக்கையில் மாணவர் நடத்தையில் நல்ல முன்னேற்றம் என்று எழுதியிருந்தார்கள்.