படையும் தராசும்

எங்கள் பெஹாலாவில் நாலு தமிழர் கூடினால், விலைவாசி, ஊழல் என்று பேச்சு சுற்றிக் கடைசியில், "பட்டாளம் வந்தால்தான் சார் சரிப்படும்" என்பதில் வந்து நிற்கும். அதற்குப் 'படைச்செருக்கு' அதிகாரத்தையும் துணைக்கு அழைப்பார்கள். குறளைப் பாதி படித்ததன் விளைவு இது என்பது அடியேன் கருத்து.

வள்ளுவர் 39ஆம் அதிகாரத்தில் படையை அரசின் ஆறு அங்கங்களில் ஒன்றாகவே வைக்கிறார். அங்கம் தலையாக முடியுமா? கடைக்குக் காவலாள் வைக்கிறோம். முதலாளி கணக்கில் தப்பு செய்தார் என்பதற்காகக் காவலாளே கல்லாச் சாவியைப் பிடுங்கலாமா?

போலந்தில் 1926 மே மாதம் பில்சுட்ஸ்கி படையோடு வார்சாவில் புகுந்து, மூன்றே நாளில் மக்களாட்சி அரசை இறக்கினார். முந்நூறு பேருக்கு மேல் மாண்டனர். நாட்டைத் தூய்மை செய்வதாகத்தான் சொன்னார். 1930இல் எதிர்க்கட்சித் தலைவர்களைப் பிரெஸ்ட் கோட்டையில் அடைத்தார். அவர் இறக்கிய பிரதமர் விட்டோஸும் அங்கே கைதி.

நமக்கு நெருங்கிய பாடம் இலங்கையில் இருக்கிறது. 1962 ஜனவரி 27 இரவு, சிறிமாவோ பண்டாரநாயக்காவின் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசைக் கவிழ்க்கப் படை, காவல்துறை அதிகாரிகள் சிலர் திட்டமிட்டார்கள். முன்கூட்டியே செய்தி கசிந்து முறிந்தது. 89ஆம் அதிகாரம் சொல்லும் 'உட்பகை' இதுதானே! உரையாசிரியர்கள் அதைப் புறப்பகைக்கு வழிவிடும் பகையாகவே பார்த்தார்கள். காவலே பகையாவதை நாம்தான் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஆனால் தப்பிய அரசு என்ன செய்தது? நடந்து முடிந்த செயலுக்குப் பின்தேதியிட்டுச் சட்டம் போட்டது, சாட்சிய விதியைத் தளர்த்தியது, தண்டனையை மாற்றியது. 24 பேர் மீது வழக்கு. 11 பேருக்குப் பத்தாண்டுச் சிறை, சொத்துப் பறிமுதல். 1965 டிசம்பரில் இலண்டன் பிரிவி கவுன்சில், நீதிமன்றத்தின் அதிகாரத்தில் சட்டமன்றம் கைவைத்தது என்று சொல்லி அந்தச் சட்டத்தைத் தள்ளியது. பதினொருவரும் விடுதலையானார்கள்.

வியாபாரியாகச் சொல்கிறேன்: சரக்கைத் தட்டில் வைத்த பிறகு எடைக்கல்லை மாற்றக் கூடாது. திருடனிடம் கூட மாற்றக் கூடாது. 'நடுவு நிலைமை'யில் வள்ளுவர் தராசையும் வாணிகனையும் காட்டுவது வெறும் உவமைக்காக அல்ல.

ஆகவே அன்பர்களே, 'படைச்செருக்கை'ப் படிக்கும்போது 'உட்பகை', 'செங்கோன்மை' இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். காவலாள் சாவியைத் தொடவும் கூடாது. முதலாளி எடைக்கல்லை மாற்றவும் கூடாது. பட்டாளத்தை அழைக்குமுன் இதை ஒருமுறை நினைத்தால் போதும்.