யாருடைய அமைதி? நைபாலின் கிராமமும் நம்ம பனமலையும்

‘அமைதியான கிராமம்’ என்று யார் எழுதினாலும் அவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: எத்தனை மணி பஸ்ஸில் திரும்பினீர்கள்? கேலிக்காகக் கேட்கவில்லை. ஓர் ஊர் அமைதியாகத் தெரிவதற்குச் சில வசதிகள் வேண்டும். அந்த ஊரில் நமக்கு நிலமும் இருக்கக் கூடாது, கடனும் இருக்கக் கூடாது. ஏரித் தண்ணீரில் பங்கு இருக்கக் கூடாது. எந்தத் தெரு வழியாகச் செருப்புப் போட்டுக்கொண்டு நடக்கலாம், எதில் கூடாது என்கிற கவலை இருக்கக் கூடாது. இத்தனையும் இல்லாத ஒருவருடைய கண்ணுக்குத்தான் ஏரியும் குன்றும் பனைவரிசையும் ஒன்றுசேர்ந்து ‘காட்சி’யாகும். மற்றவர்களுக்கு அது ஊர், அவ்வளவுதான்.

செஞ்சிப் பக்கத்தில் இந்தக் கண்ணுக்கு இனி நல்ல காலம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மகாராஷ்டிரத்துக் கோட்டைகள் 11உடன் செஞ்சிக் கோட்டையையும் சேர்த்து, ‘மராட்டிய இராணுவ நிலக்காட்சிகள்’ என்ற பெயரில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. பட்டியலின் பெயரிலேயே ‘நிலக்காட்சி’ வந்துவிட்டது, கவனியுங்கள். கோட்டை பார்க்க வருகிறவர்கள் ‘சுற்றுவட்டாரம்’ என்று பனமலைக்கும் மண்டகப்பட்டுக்கும் தளவானூருக்கும் வருவார்கள். வரட்டும், நல்லதுதான். அவர்கள் வந்து சேர்வதற்கு முன்பே அவர்களுக்கான வர்ணனை வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பதுதான் சிக்கல். அந்த வர்ணனைக்கு ஒரு வம்சாவளி இருக்கிறது. அதன் பூர்வீகம் இங்கிலாந்து.

18ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் அங்கே பொதுநிலங்களை வேலிபோட்டுத் தனிச்சொத்தாக்கும் சட்டங்கள் நாடாளுமன்றத்தில் ஒன்றன்பின் ஒன்றாக, ஆயிரக்கணக்கில், நிறைவேறின. ஊரார் மாடு மேய்த்த, விறகு பொறுக்கிய இடம் ஒரே கையெழுத்தில் பண்ணையாருடையதாயிற்று. ஆலிவர் கோல்ட்ஸ்மித், ஆளற்றுப்போன கிராமத்தைப் பற்றிய தன் நெடுங்கவிதையை 1770இல் வெளியிட்டார். வை ஆற்றங்கரைப் பயணம் பற்றிய வில்லியம் கில்பினின் நூல் 1782இல் வந்தது. நிலத்தை ஓர் ஓவியச் சட்டத்துக்குள் வைத்துப் பார்க்க வாசகனுக்குப் பயிற்சி தருகிற நூல் அது. ஊர் காலியாவதும், காலியான இடத்தை ரசிக்கப் பாடம் எடுப்பதும் ஒரே காலத்தில் நடந்திருக்கின்றன. ரேமண்ட் வில்லியம்ஸ் 1973இல் எழுதிய ‘தி கண்ட்ரி அண்ட் தி சிட்டி’ நமக்குக் கற்றுத்தருவது இதைத்தான்: வேலை செய்கிறவனுக்கு நிலம் காட்சியாவதில்லை, விலகி நிற்க முடிந்தவனுக்கே அது காட்சி.

1830 நவம்பரை மட்டும் தனியே எடுத்துப் பார்ப்போம். அந்த மாதம் தென் இங்கிலாந்தில், குறிப்பாக வில்ட்ஷயரில், கூலி விவசாயிகள் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்துக்கொண்டிருந்தார்கள். இயந்திரம் அவர்களுடைய பனிக்காலக் கூலியைத் தின்றுவிட்டது. ‘கேப்டன் ஸ்விங்’ என்கிற, இல்லாத ஒரு தலைவனின் பெயரில் பண்ணையார்களுக்கு மிரட்டல் கடிதங்கள் போயின. குதிரைப்படை வந்தது. வில்ட்ஷயரில் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். விசாரணைகள் முடிந்தபோது சிலர் தூக்கில் தொங்கினார்கள், நூற்றுக்கணக்கானோர் ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்டார்கள். அதே நவம்பரில் இந்தியாவில் சார்லஸ் மெட்கால்ஃப் என்கிற கம்பெனி அதிகாரி ஓர் அலுவல் குறிப்பு எழுதுகிறார்: இந்தியக் கிராமங்கள் சிறுசிறு குடியரசுகள், அரசுகள் வந்தாலும் போனாலும் அவை மாறுவதில்லை என்று. சொந்த நாட்டில் கிராமம் தீப்பற்றி எரிகிற மாதத்தில், மாறாத கிராமத்தை வெள்ளைக்காரர் இங்கே கண்டுபிடிக்கிறார்! இந்தக் குறிப்பு பிறகு நம் தேசியவாதிகளின் பெருமைச் சொத்தாகிவிட்டது. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் மெட்கால்ஃபின் பெயரைச் சொல்லியே அந்தப் பெருமையை உடைத்தார். கிராமம் பிழைத்துக் கிடந்ததைக் காட்டி அதை எப்படிக் கொண்டாடுவது என்பது அவர் கேள்வி. நம்ம ஆட்கள் பலருக்கு இன்றுவரை அந்தக் கேள்வி காதில் விழவில்லை.

இந்த வம்சாவளியில் வி.எஸ். நைபாலை எங்கே வைப்பது? அவருடைய ‘தி எனிக்மா ஆஃப் அரைவல்’ (1987) அதே வில்ட்ஷயரில்தான் நடக்கிறது. சாலிஸ்பரிக்கு அருகே, ஸ்டோன்ஹெஞ்சுக்கு நடந்துபோகிற தூரத்தில், ஒரு பழைய பண்ணை மாளிகையின் வளாகத்துக் குடிலில், டிரினிடாடிலிருந்து வந்த எழுத்தாளர் ஒருவர் குடியிருக்கிறார். தினமும் நடக்கிறார், பார்க்கிறார். ஜாக் என்கிற பண்ணைத் தொழிலாளியின் தோட்டம் அவர் கண்ணில் படுகிறது. ஆதியிலிருந்து அந்த மண்ணோடு ஒட்டியவன், பழைய இங்கிலாந்தின் எச்சம் என்றே ஜாக்கை முதலில் நினைக்கிறார். ஆண்டுக்கணக்காக நடந்த பிறகுதான் புரிகிறது: ஜாக் எச்சமில்லை, அந்தத் தோட்டம் ஒரு மனிதன் தன் விருப்பத்தால், தன் உழைப்பால் ஆக்கிக்கொண்டது. ஜாக் சாகிறான், தோட்டமும் போகிறது. ‘தொன்மை’ என்று கண் நம்பியது யாரோ ஒருவருடைய அன்றாட வேலை என்று புரிகிற இந்த இடம்தான் புத்தகத்தின் சாதனை. கிராமத்தைப் பற்றி எழுதுகிற எவருக்கும் இதைப் பாடமாக வைக்கலாம்.

ஆனால் நைபாலை இன்னொரு நைபாலோடு சேர்த்து வாசிக்க வேண்டும். 1964இல் வந்த ‘ஆன் ஏரியா ஆஃப் டார்க்னஸ்’ நூலின் கடைசிப் பகுதியில், தன் தாத்தா கப்பலேறிப் போன உத்தரப் பிரதேசக் கிராமத்துக்கு அவர் போகிறார். அங்கே உறவினர்கள் நிலத் தகராறு பேசுகிறார்கள், வழக்குக்கு உதவி கேட்கிறார்கள். எரிச்சலோடு கிளம்பிவிடுகிறார். வண்டியில் ஏற்றிக்கொள்ளும்படி கேட்ட ஒரு பையனைக்கூட ஏற்றாமல் வருகிறார். இங்கிலாந்துக் கிராமத்துக்குப் பல ஆண்டுப் பொறுமை, தாத்தாவின் ஊருக்குக் கொஞ்ச நேரம். இது குணக்கேடு என்று முடித்துவிட்டால் விமர்சனம் வேண்டாம், வசை போதும். விஷயம் வேறு. வில்ட்ஷயரில் யாரும் அவரிடம் எதையும் கேட்கவில்லை. அங்கே அவருக்குப் பங்காளி இல்லை. அந்த விலகலிலிருந்துதான் கவனம் பிறந்தது. தாத்தாவின் ஊர் அவரைப் பங்காளியாக்கப் பார்த்தது, அதனால் அது ‘இருள்’ ஆகிவிட்டது.

மாளிகையின் செல்வமும் தன் முன்னோர் கூலிகளாக டிரினிடாட் போனதும் ஒரே பேரரசின் கணக்கு என்பது நைபாலுக்குத் தெரியும், எழுதவும் செய்கிறார். ஆனால் அந்தக் கணக்கை அவர் ஒரு விநோதமான பொருத்தமாக, இரண்டு தேய்வுகளின் சந்திப்பாக மாற்றிக்கொள்கிறார். மாற்றம் அவர் பிரதியில் முதுமையாக, நோயாக, சாவாக வருகிறது. கூட்டமாக எழுந்து வருவதாக வருவதில்லை. இயந்திரம் உடைத்தவர்களின் மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு கிராமத்தை இரங்கற்பாவாக எழுத முடிகிறது. அமைதி அங்கேயும் ஜெயித்துவிடுகிறது.

இனி பனமலை. ஏரியை ஒட்டிய குன்று, அதன்மேல் தாளகிரீசுவரர் கோயில். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராஜசிம்ம பல்லவன் எடுத்தது. கிரந்த எழுத்தில் சமஸ்கிருதக் கல்வெட்டு இருக்கிறது. வடபுறச் சிறு சன்னதிச் சுவரில் ஓர் ஓவியம்: தலைக்குமேல் குடை, ஒரு காலை மடித்துச் சாய்ந்து நிற்கிற தேவி. புதுச்சேரியிலிருந்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் வெளியுலகுக்குக் கொண்டுவந்தது. அவள் சிவனின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆட்டம் இருந்த சுவரில் இன்று சில கோடுகளைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை. பார்க்கிறவள் இருக்கிறாள், பார்க்கப்பட்டது உதிர்ந்துவிட்டது. சுற்றுலா எழுத்தும் இப்படித்தான்: பார்ப்பவரின் பரவசம் மட்டும் பளிச்சென்று மிஞ்சும்.

நான் அங்கே போயிருந்த ஒரு நாள் ஏரிக்கரையில் நோட்டும் பேனாவுமாக நின்றேன். ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஓர் அம்மா நின்று கேட்டார்: “எந்த ஆபீஸ்லேர்ந்து வர்றீங்க? அளக்க வந்தீங்களா?” அந்தக் கேள்வியில் ஒரு முழு வரலாறு இருக்கிறது. வெளியிலிருந்து வந்து ஊரை நின்று பார்க்கிறவர் ஒன்று அளப்பார், இல்லை எடுத்துக்கொள்வார் என்பது ஊரின் அனுபவம். நாம் ஊரை வாசிக்கப் போகிறோம், ஊர் நம்மை ஏற்கெனவே வாசித்து வைத்திருக்கிறது.

அந்த ஏரிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் ‘காட்சி’ கலையத் தொடங்கும். திருவண்ணாமலைப் பக்கம் கீரனூரில் துரிஞ்சலாற்றிலிருந்து பிரிகிற நந்தன் கால்வாய், 35 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, வழியில் பல ஏரிகளை நிரப்பிவிட்டுக் கடைசியாகப் பனமலை ஏரிக்கு வர வேண்டும். பனமலை கடைமடை. பல பத்தாண்டுகள் தண்ணீர் எட்டிப்பார்க்காத கால்வாய் இது. சீரமைக்கச் சொல்லி விவசாயிகள் மனுக் கொடுத்து ஓய்ந்த கால்வாய். சலனமில்லாத ஏரியை ரசிக்கிறவர், சொல்லப்போனால், வராத தண்ணீரைத்தான் ரசித்துக்கொண்டிருக்கிறார்.

கால்வாயின் பெயருக்கும் தகராறு உண்டு. நந்திவர்ம பல்லவன் வெட்டியது, அதுதான் நந்தன் என்று மருவிற்று என்பது ஒரு பக்கம். நந்தன் என்கிற, ஒடுக்கப்பட்ட மக்களிலிருந்து வந்த அரசன் வெட்டியது என்பது மக்கள் வழக்கு. நந்தன் என்றதும் படித்த தமிழனுக்கு ஞாபகம் வருவதோ கோபாலகிருஷ்ண பாரதியாரின் கீர்த்தனையில் ஆண்டையிடம் அனுமதி கேட்டு நிற்கிற பண்ணையாள். ஒரே பெயருக்குள் ராஜா, பல்லவன், பண்ணையாள். எது ‘உண்மை’ என்று கல்வெட்டுக்காரர்கள் தீர்ப்புச் சொல்லட்டும். எந்த நந்தனைத் தகவல் பலகையில் எழுதுவார்கள் என்பது அரசியல். அந்தப் பலகை எழுதப்படும்போது நாம் எங்கே இருப்போம்?

அமைதி என்ற சொல்லுக்கு இந்த மாவட்டத்தில் இன்னொரு பொருளும் இருக்கிறது. 1978 ஜூலையில் விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். 2023 ஏப்ரலில் இதே மாவட்டத்து மேல்பாதி கிராமத்தில், திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். ‘அமைதிப் பேச்சுவார்த்தை’ பல சுற்று நடந்தது. ஜூனில் வருவாய்த்துறை கோயிலைப் பூட்டிச் சீல் வைத்தது. 2024 மார்ச்சில் நீதிமன்ற உத்தரவின்பேரில் பூசைக்கு மட்டும் திறந்தார்கள். 2025 ஏப்ரலில்தான் போலீஸ் காவலோடு தலித்துகள் உள்ளே போய்க் கும்பிட முடிந்தது. பூட்டியிருந்த காலத்தில் அந்த வழியாகப் போன ஒரு பயணியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சாத்திய கதவு, ஆளில்லாத வாசல், நிழல். எவ்வளவு அமைதி! சுற்றுலாக் கையேட்டின் அமைதியும் ஆர்.டி.ஓ. அலுவலகக் கோப்பின் அமைதியும் ஒரே சொல்லாக இருப்பது தற்செயல் இல்லை. யாரோ வாய்மூடினால்தான் இரண்டும் கிடைக்கும்.

அப்ப, பனமலையில் நின்று அழகாக இருக்கிறது என்று சொல்வதே தப்பா? நண்பர்கள் இப்படிக் கேட்பார்கள், கேட்க வேண்டும். தப்பில்லை. அந்தத் தேவியின் கோட்டை இழுத்த கை யாருடையதோ, அதை ரசிக்காமல் போவது வறட்டுத்தனம். நம் மரபிலேயே ஒரு வழி கிடக்கிறது. தொல்காப்பியம் நிலத்தைத் தனியே விடுவதில்லை. அதன் கருப்பொருளில் தெய்வமும் மரமும் பறவையும் பறையும் இருக்கின்றன, கூடவே தொழிலும் இருக்கிறது. வேலை இல்லாத திணை கிடையாது. அதற்காக உடனே மார்தட்டவும் வேண்டாம். அதே தொல்காப்பியம் அடியோரையும் வினைவலரையும் ஐந்திணைக் காதலுக்கு வெளியே நிறுத்தியது. தொழிலை உள்ளே எடுத்துக்கொண்டு தொழிலாளியை வெளியே விட்டது. நாம் அந்தக் கதவையும் திறந்துகொண்டுதான் திணையைப் பேச முடியும்.

ஆகவே செஞ்சி வட்டாரத்தைப் பற்றி இனி எழுதப்போகிற எழுத்தாளர்களுக்கும் களத்தில் இருக்கும் தோழர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கோயிலை எழுதும்போது கல் சுமந்தவர்களை எழுதுங்கள். ஏரியை எழுதும்போது மதகு யார் கையில் என்று எழுதுங்கள். ஊரை எழுதும்போது சேரிக்குப் போகிற பாதையில் நடந்துவிட்டு எழுதுங்கள். நைபால் வில்ட்ஷயருக்குக் கொடுத்த பொறுமையைப் பனமலைக்கும் கொடுப்போம், ஆனால் பங்காளியாக நின்று. ஊர் நம்மிடம் உதவி கேட்டால் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடாமல் இருப்போம். நந்தன் கால்வாயில் தண்ணீர் கடைமடைவரை வருகிற அன்று ஏரிக்கரையில் சத்தம் பெருசாக இருக்கும். மதகுக்குச் சண்டைகூட வரலாம். எழுதத் தகுந்த பனமலை அதுதான்.