வெஸ்நோத்தின் பட்டறையில் சொந்தமாக ஒரு போர்

போர் உத்தி விளையாட்டுகளில் ஊறிப்போனவர்களுக்கு ஒரு கட்டத்தில் வாய் சும்மா இருக்காது. ‘இந்தப் பாலத்தை இங்கேயா வைப்பான்?’, ‘இத்தனை ஓர்க்குகளை ஒரே நேரத்தில் அவிழ்த்துவிட்டால் மனுஷன் எப்படி ஆடுவான்?’ என்று களத்தை அமைத்தவரோடு வாக்குவாதம் செய்துகொண்டே ஆடுவார்கள். அப்படிப்பட்டவர்களிடம் ‘முடிந்தால் நீயே செய்து பார்’ என்று சாவியைக் கையில் கொடுத்துவிடும் விளையாட்டு, ‘பேட்டில் ஃபார் வெஸ்நோத்’. டேவிட் வைட் 2003-ல் தொடங்கிய திறமூல விளையாட்டு இது. காசு கிடையாது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அறுகோணக் கட்டங்கள், சுற்று முறை, கற்பனை உலகத்து மனிதர்கள், எல்ஃபுகள், ஓர்க்குகள். நான் கையில் எடுத்தது 2024 மார்ச்சில் வந்த 1.18 பதிப்பு வரிசை. ஆட்டத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். சொந்தமாகப் போரும் போர்த்தொடரும் கட்டுவதற்கு அதற்குள் இருக்கும் கருவிகளை மட்டும் இங்கே பார்க்கலாம்.

சோதனைக்கு ஒரு சின்னப் போர். ஒரு ஆறு, ஒரு பாலம், இக்கரையில் மனிதர்கள், அக்கரையில் ஓர்க்குகள்.

மேப் எடிட்டர் முகப்புத் திரையிலேயே இருக்கிறது. மவுஸின் இடது பட்டனுக்கு ஒரு நிலம், வலது பட்டனுக்கு இன்னொரு நிலம் என்று வைத்துக்கொள்ளலாம். இடதில் ஆழமில்லாத நீர், வலதில் புல்வெளி. ஆற்றை ஒரே இழுப்பில் இழுத்துவிட்டு, அகலம் கூடிப்போன இடத்தில் வலது பட்டனால் கரையை உள்ளே தள்ளினால் போதும். கரையோரத்து விளிம்புகளை எடிட்டரே வரைந்துகொள்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு அடுக்கு உண்டு: அடியில் தரை, மேலே காடு, ஊர், பாலம் போன்றவை. ஷிஃப்டை அழுத்திக்கொண்டு தீட்டினால் தரை மட்டும் மாறும், மேலே நிற்கும் மரம் அசையாது. கன்ட்ரோலோடு ஒரு கட்டத்தைத் தட்டினால் அதே நிலம் தூரிகைக்கு வந்துவிடும். இந்த இரண்டும் பழகிவிட்டால் கை வேகம் பிடித்துவிடும். சேமித்த மேப்பை நோட்பேடில் திறந்து பார்த்தால் படம் என்று எதுவும் இல்லை. கமா போட்டுப் பிரித்த எழுத்துக் குறிகள்தான் வரிவரியாக இருக்கின்றன. எடிட்டர் இல்லாமலே ஒரு மலையைப் பெயர்த்து வைக்கலாம் என்று அர்த்தம்.

இதுவரை எல்லாம் சுகம். எடிட்டரில் சினாரியோ என்ற வகையில் சேமித்தால் படைப்பிரிவுகளை நிறுத்தலாம், பெயர்ப்பலகை எழுதலாம், ஊர்களை யாருக்கு வேண்டுமானாலும் பட்டா போடலாம். அதோடு படம் வரைகிற வேலை முடிந்தது. ‘பாலத்தில் கால் வைத்ததும் பதுங்கியிருந்தவர்கள் பாய வேண்டும்’ என்பதற்கு எடிட்டரில் பட்டன் கிடையாது. ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ எடிட்டரில் ட்ரிக்கர்களைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்துப் பழகியவர்கள் இங்கே திகைத்து நிற்பார்கள். வெஸ்நோத்தில் போர் என்பது எழுதுவது. அதற்கென்றே டபிள்யூ.எம்.எல். என்று ஒரு மொழி. சதுர அடைப்புக்குள் டேக், அதற்குள் ‘இதற்கு இது’ என்று சமக்குறி போட்ட வரிகள், முடிவில் சாய்கோட்டோடு மூடும் டேக். எச்.டி.எம்.எல். எழுதிப் பார்த்தவருக்கு அரை நாளில் பிடிபடும். புரோகிராமிங் வாசனையே இல்லாதவர்கூட ஏற்கெனவே இருக்கும் ஒரு ஃபைலைப் பார்த்துப் பார்த்து எழுதிவிடலாம்.

மூடும் டேக் ஒன்று விட்டுப்போனால் எந்த ஃபைலில், எந்த வரியில் என்று சொல்லித் திட்டும், அது நல்லது. ஆனால் ஒரு சாவிச் சொல்லை எழுத்துப்பிழையோடு எழுதினால் பெரும்பாலும் மூச்சுக் காட்டாது. அந்த வரி இல்லாதது போலவே ஆட்டம் ஓடும். ஃபைல்களில் பிழை தேட டபிள்யூ.எம்.எல்.லின்ட் என்ற பைத்தான் கருவியைக் கூடவே தருகிறார்கள். அதை ஓட்டாமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

பதுங்கிப் பாய்வதற்கு வருவோம். ‘மூவ்டு’ என்ற ஈவென்ட்டை எழுதி, பாலத்துக் கட்டத்தின் எண்களைக் கொடுத்தால் யாராவது அங்கே வந்து நின்றதும் அது நடக்கும். ‘யாராவது’ என்பதில்தான் வில்லங்கம். எந்தத் தரப்பு என்று வடிகட்டாமல் விட்டால், ஓநாய் மேல் வரும் எதிரியின் ஒற்றன் முதலில் பாலத்தில் ஏறுவான். நம் தளபதி பேச வேண்டிய ‘ஐயோ, சூழ்ச்சி!’ வசனம் அப்போதே ஓடும். ஒரு ஈவென்ட் ஒரே ஒரு முறைதான் நடக்கும் என்பது இங்கே பொது விதி. ஆகவே நிஜமாகவே தளபதி பாலத்துக்கு வரும்போது ஆற்றங்கரையில் காற்றுதான் வீசும். தரப்பைக் குறிக்கும் ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. பலமுறை நடக்க வேண்டுமானால் அதற்கும் ஒரு சாவி இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்துப்போன விஷயம் வேறு. வெஸ்நோத்தில் ஒரு நாள் என்பது 6 சுற்று: விடியல், காலை, பிற்பகல், அந்தி, இரவு இரண்டு. மனிதப் படையில் பெரும்பாலோர் பகலில் 25 சதவீதம் கூடுதலாக அடிப்பார்கள், இரவில் அதே அளவு குறைவாக. ஓர்க்குகளுக்கு நேர் எதிர். ஈட்டிக்காரன் ஒரு சுற்றுக்கு 5 புல்வெளிக் கட்டம் நடப்பான். சேர்த்த சுற்றிலேயே நகர முடியாது. இப்போது கணக்குப் போடுங்கள். பாலம் கோட்டையிலிருந்து 10 கட்டம் என்றால் 3-வது சுற்றில், பிற்பகல் வெளிச்சத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். 15 கட்டம் என்றால் சேரும்போது அந்தி, அடுத்த சுற்றில் இருட்டு, ஓர்க்குகளின் நேரம். எடிட்டரில் கோட்டையை ஐந்தே கட்டம் பின்னால் தள்ளினால் சுலபமான போர் பிழைப்போமா என்ற போராகிவிடுகிறது. ஒரு வரிகூட எழுதவில்லை. கூடுதல் ஓர்க் ஒருவனையும் சேர்க்கவில்லை. பாலத்தை விட்டு ஆற்றில் இறங்கலாமே என்றால், ஆழமில்லாத நீரில் நிற்கும் ஈட்டிக்காரன் மேல் ஓங்கும் ஒவ்வொரு வெட்டும் 80 சதவீதம் பலிக்கும். கோட்டைக்குள் நின்றால் 40 சதவீதம்தான். களம் அமைப்பவருக்கு நிலமும் பொழுதும்தான் முதல் ஆயுதம் என்பதை இந்த எடிட்டர் கையில் பிடித்துக் காட்டுகிறது.

எதிரியின் மூளையையும் ஓரளவு திருகலாம். ஆவேசம் 0.4, எச்சரிக்கை 0.25 என்பது தயாரிப்பாளர்கள் வைத்த அளவு. ஆவேசத்தை 1 ஆக்கினால் தன் ஆள் சாவதைப் பற்றிக் கவலையே படாமல் மோதும். தூண்டில் போட்டு ஒவ்வொருவராக வெளியே இழுத்து அடிப்பது வெஸ்நோத் ஆடுபவர்களின் பழைய தந்திரம். அதை முறியடிக்க இந்தத் திருகு மட்டும் போதாது. மைக்ரோ ஏ.ஐ. என்ற தொகுப்பில் குறுகிய வழியைக் காக்கும் ஒன்று இருக்கிறது. ‘நீ நிற்க வேண்டிய கட்டங்கள் இவை, எதிரி வரும் பக்கம் இது’ என்று சொன்னால் படை பாலத்து முனையை விட்டு நகராமல் நிற்கும். தூண்டிலுக்கு மயங்காத ஓர்க்கை அன்றுதான் பார்த்தேன்.

ஒற்றைப் போருக்கு இவ்வளவு போதும். போர்த்தொடர் கட்டுவது வேறு வேலை. தொழில்நுட்பமாகப் பார்த்தால் அதிகமில்லை, ஒரு சினாரியோவின் ஃபைலில் அடுத்ததன் பெயரை எழுதினால் தொடர்ந்துவிடும். வெற்றி பெற்ற விதத்தைப் பொறுத்துக் கதை இரண்டாகப் பிரிய வேண்டுமானால் முடிவு டேக்கில் வேறு பெயரைக் கொடுக்கலாம். தலைவலி பணத்தில். ஒன்றும் சொல்லாமல் விட்டால் கையிலுள்ள பொன், சீக்கிரம் முடித்ததற்கான போனஸ் இரண்டையும் கூட்டி 80 சதவீதம் அடுத்த போருக்குப் போகும். 200 பொன், 100 போனஸ் என்றால் 240. கூடவே பழைய வீரர்கள். நான்கு போர் கண்ட ஒருவனைத் திரும்ப அழைக்க 20 பொன்தான், புதிதாக ஈட்டிக்காரனைச் சேர்க்கவே 14 ஆகும்போது. விளைவு: நன்றாக ஆடுபவர் மூன்றாவது போரிலேயே குபேரன், தட்டுத்தடுமாறி ஜெயித்தவர் ஐந்தாவதில் மூழ்கிவிடுவார். இருவருக்கும் பொருந்தும் ஆறாவது போரை எப்படி அமைப்பது?

கூடவே வரும் தொடர்கள் பலவற்றில் இந்த விகிதத்தை 40-க்குக் குறைத்திருக்கிறார்கள். அதோடு ஒவ்வொரு போருக்கும் குறைந்தபட்சத் தொகை ஒன்றை உறுதி செய்யலாம். சுலபம், நடுத்தரம், கடினம் என்று நிலைக்கேற்ப மூன்று எண்களை ஒரே வரியில் தரும் குறுவழியும் உண்டு. திருகுகள் இருக்கின்றன. ஆனால் மொத்தத் தொடரையும் ஒரே திரையில் பார்த்து, ‘இந்த வழியில் வந்தால் இவ்வளவு பொன், இத்தனை பழைய வீரர்கள்’ என்று காட்டும் கருவி எதுவும் இல்லை. பேப்பரும் பேனாவும்தான். இத்தனை ஆண்டு வளர்ந்த பட்டறையில் இது பெரிய ஓட்டை என்பேன்.

சோதித்துப் பார்க்கும் வசதிகள் அந்தக் குறையைக் கொஞ்சம் ஈடுகட்டுகின்றன. ஆட்டத்தின் நடுவே முக்காற்புள்ளியைத் தட்டி டீபக் என்று கட்டளையிட்டால், நினைத்த இடத்தில் நினைத்த வீரனைப் படைக்கலாம், பொன்னை ஏற்றலாம், ஒற்றை எழுத்தில் ஜெயித்து அடுத்த போருக்குத் தாவலாம். ‘இன்ஸ்பெக்ட்’ என்றால் மாறிகள் எல்லாம் அந்த நொடியில் என்ன மதிப்பில் இருக்கின்றன என்று விரித்துக் காட்டும். ஃபைலைத் திருத்திய பிறகு முகப்புத் திரைக்கு வந்து எஃப்5 அழுத்த வேண்டும். இன்னொன்று, போரின் நடுவே சேமித்த ஆட்டத்தைத் திறந்தால் புதிய திருத்தம் தெரியாது. அந்தச் சேமிப்புக்குள் பழைய சினாரியோவே இருக்கும். போரை முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முடித்ததை ஆட்டத்துக்குள்ளிருந்தே ஆட்-ஆன் சர்வரில் ஏற்றிவிடலாம். தலைப்பு, ஆசிரியர், பதிப்பு எண் எழுதிய ஒரு சின்ன ஃபைல் போதும். ஆனால் ஒவ்வொரு பெரும் பதிப்பு வரிசைக்கும் சர்வர் தனி. 1.16-ல் ஏற்றிய தொடர் 1.18-ல் தானாக வந்து நிற்காது. யாராவது மாற்றி ஏற்றியாக வேண்டும். ஆசிரியர் ஆர்வம் இழந்த நல்ல தொடர்கள் பழைய வரிசையிலேயே தங்கிப்போவது இதனால்தான்.

தொடங்க நினைப்பவர்கள் வெற்றுப் பக்கத்தில் தொடங்க வேண்டாம். மொழிக் கையேடு அகராதி மாதிரி, தேடினால் கிடைக்கும், பாடம் சொல்லித் தராது. விளையாட்டோடு வரும் தொடர்கள் அனைத்தும் இதே டபிள்யூ.எம்.எல்.லில் எழுதப்பட்டு, இன்ஸ்டால் செய்த ஃபோல்டரிலேயே திறந்த ஃபைல்களாகக் கிடக்கின்றன. ‘எ டேல் ஆஃப் டூ பிரதர்ஸ்’ நான்கே போர் கொண்டது. அதை ஒரு முறை ஆடிவிட்டு, பிறகு முதல் போரின் ஃபைலைப் பக்கத்தில் திறந்துவைத்துக்கொண்டு மறுபடி ஆடுங்கள். வசனம் ஒவ்வொன்றும் எந்த வரியிலிருந்து வருகிறது என்று பிடிபட்ட பின், அதன் நகலில் எதிரியின் பொன்னை மட்டும் மாற்றிப் பாருங்கள்.