உளி பட்ட கருங்கல்

மாமல்லபுரம் அர்ச்சுனன் தபசுப் பாறையில் ஒரு மான், பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொண்டிருக்கிறது. ரோமம் காட்டவில்லை, நகாசு வேலை எதுவும் இல்லை. கழுத்து வளைந்த விதம், தூக்கிய காலின் கோணம், பாதி மூடியது போன்ற கண். அவ்வளவுதான். பக்கத்தில் நிற்கும் பெரிய யானையும் அப்படியே. விலா, வயிறு, தும்பிக்கை என்று பரந்த பரப்புகளைச் சிற்பி வழவழப்பாக விட்டுவிட்டு, மிகச் சில கோடுகளில் யானையின் முழு எடையையும் கொண்டுவந்துவிடுகிறார். இந்தச் சிக்கனத்தில் பாதி பல்லவச் சிற்பியின் ரசனை. மறுபாதி அந்தப் பாறை போட்ட நிபந்தனை. அந்த நிபந்தனை என்னவென்று தெரிந்துகொண்டு பார்த்தால் தமிழ்நாட்டுச் சிற்பம் இன்னும் ஒரு படி கூடுதலாக ருசிக்கும்.

பேச்சு வழக்கில் எல்லாமே கருங்கல்தான். புவியியலாளர்கள் கிரானைட், நைஸ், சார்னோகைட் என்று பிரிப்பார்கள். எப்படிப் பிரித்தாலும் உள்ளே பெரும்பங்கு இருப்பவை குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும். ஜெர்மானியரான ஃபிரெடரிக் மோஸ் 1812இல் ஒரு எளிய சோதனையை வகுத்தார். எந்தக் கனிமம் எதைக் கீறுகிறது என்று பார்த்து 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தினார். மிக மிருதுவான டால்க் 1, வைரம் 10. நம் விரல் நகம் ஏறக்குறைய 2.5, பளிங்கில் இருக்கும் கால்சைட் 3, ஃபெல்ட்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7. எஃகு 5.5லிருந்து 6.5 வரைக்குள் வரும். அதாவது பளிங்கின் முன்னால் உளி எஜமான். கருங்கல்லில் உள்ள குவார்ட்ஸின் முன்னால் அது சமபலம்கூட இல்லை.

அதனால்தான் கருங்கல்லை யாரும் செதுக்கிச் சீவி எடுப்பதில்லை. கூர்முனை உளியை வைத்துத் தட்டும்போது அந்த இடத்தில் கல் நொறுங்கிப் பொடியாகிறது. ஒரு தட்டுக்குச் சில மணிகள், அவ்வளவே உதிரும். உளி முனையும் விரைவில் மழுங்கிவிடும். சிற்பக்கூடத்தை ஒட்டிக் கொல்லுலை இருந்தாக வேண்டியதன் காரணம் இதுதான். மழுங்கிய உளிகளைக் காய்ச்சி, அடித்துக் கூராக்கி, நீரில் தோய்த்துத் தந்துகொண்டே இருந்தால்தான் வேலை ஓடும். இன்று டங்ஸ்டன் கார்பைடு முனை உளியும் கல் அறுக்கும் மின் இயந்திரமும் வந்துவிட்டன. ஏழாம் நூற்றாண்டில் கொல்லரின் உலையும் சிற்பியின் தோளும் மட்டுமே துணை.

முடிக்கப்படாத வேலையில்தான் தொழில் நுணுக்கம் வெளிப்படும். மாமல்லபுரத்தில் பாதியில் நின்றுபோன குடைவரைகளின் உட்சுவரைக் கவனியுங்கள். பாறையின் முகம் முழுவதும் குறுக்கும் நெடுக்குமாக ஆழமான பள்ளங்கள் வெட்டிச் சதுரம் சதுரமாகப் பிரித்திருப்பார்கள். பள்ளங்களுக்கு நடுவே கல் திட்டுகள் புடைத்து நிற்கும். அந்தத் திட்டுகளைப் பக்கவாட்டில் அடித்துப் பெயர்த்து எடுப்பார்கள். ஓரளவு சமமானதும் மறுபடியும் பள்ளம், மறுபடியும் பெயர்ப்பு. இப்படிப் படிப்படியாகத்தான் பாறைக்குள் ஓர் அறை உருவானது. நேருக்கு நேர் மோதினால் மசியாத கல்லை, பக்கவாட்டில் பிடிமானம் இல்லாமல் செய்து விழவைக்கும் வித்தை இது. கைத்தொழிலில் அறிவு எங்கே இருக்கிறது என்று கேட்பவருக்கு இந்தச் சுவரைக் காட்டலாம்.

செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்ததாகப் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டுக் கல்வெட்டில் பெருமையோடு பொறித்துவைத்தான். அந்தப் பெருமை நியாயமானது. நூறாண்டுக்குப் பிறகு அதே பல்லவ வம்சத்து ராஜசிம்மன் காஞ்சி கைலாசநாதர் கோயிலைக் கட்டியபோது மணற்கல்லுக்கு மாறினான். மணற்கல் உளிக்கு இணங்கிப் போகும். ஆகவே அங்கே சிலைகள் நெருக்கமாக நிறைந்தன, தூணுக்குத் தூண் சிங்கங்கள் எழுந்து நின்றன. இன்று போய்ப் பார்த்தால் பல சிங்கங்களின் முகம் கரைந்துபோயிருக்கிறது. சில இடங்களில் கல் ஏடு ஏடாக உரிகிறது. பிற்காலத்தில் சுதை பூசி ஒட்டுப்போட்டது தனியாகத் தெரிகிறது. ஆனால் குனிந்து அதிட்டானத்தைப் பாருங்கள். பாரம் தாங்கும் அடி வரிசைகளுக்கு மட்டும் கருங்கல்லை வைத்திருக்கிறார்கள். அது அன்று வைத்த திடத்தோடு இருக்கிறது. எந்தக் கல் எதைத் தாங்கும் என்பதை அறிந்தே செய்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு வியப்பு உண்டு. மணற்கல்லின் மணிகள் பெரும்பாலும் அதே குவார்ட்ஸ்தான், அதே 7. மணி கடினம், மணிகளைப் பிணைக்கும் பசைதான் பலவீனம். மழைநீர் இடுக்கில் புகுந்து பிணைப்பைத் தளர்த்தினால் மணிகள் உதிர்ந்துவிடும். கருங்கல்லில் அப்படிப் பசை எதுவும் கிடையாது. பூமியின் ஆழத்தில், கடும் வெப்பத்தில் கனிமங்கள் ஒன்றோடொன்று கோத்து வளர்ந்தவை. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துச் சார்னோகைட் சுமார் 250 கோடி ஆண்டுப் பழமை உடையது. கொல்கத்தாவில் ஆங்கிலேயக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இந்தக் கல்லைத்தான் கொண்டுபோனார்கள். அந்தக் கல்லறையை வைத்தே தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் இந்தப் பாறைவகைக்குப் பெயரிட்டார்.

ஆக, கடினம் வேறு, நீடிப்பு வேறு. உலகிலேயே கடினமான வைரம் சுத்தியலால் ஓங்கி அடித்தால் பிளந்துவிடும். மறுபக்கம், டால்க் கலந்த மாக்கல்லை நகத்தாலேயே கீறலாம். ஆனால் நம் சமையலறைக் கல்சட்டி அந்தக் கல்தான். தீயில் வைத்தால் வெடிக்காது, சூட்டை நெடுநேரம் பிடித்துவைக்கும், புளி ஊற்றினாலும் அரிக்காது. பளிங்கில் புளியை ஊற்றினால் அன்றே மேற்பரப்பு மங்கிவிடும்.

மாக்கல் இனத்தைச் சேர்ந்த மிருதுவான கல்லில்தான் ஹொய்சாளர்கள் பேலூரையும் ஹளேபீடையும் எழுப்பினார்கள். வெட்டி எடுத்த புதிதில் அது மென்மையாக இருக்கும், காற்றுப்பட நாளாக நாளாக இறுகும். 1117இல் தொடங்கிய பேலூர் சென்னகேசவர் கோயிலில் மதனிகைகள் என்னும் நங்கைச் சிற்பங்களின் கழுத்தாரத்தில் மணிகளை எண்ணலாம், கூந்தலில் இழைகளை எண்ணலாம். தூண்களைக் கடைசல் பிடித்தே உருட்டியிருக்கிறார்கள். கருங்கல்லில் அதை நினைத்தும் பார்க்க முடியாது. அந்த வேலைப்பாட்டின் முன்னால் மயங்காதவர் இல்லை. ஆனாலும் பேலூரில் கண் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஒரு நகையிலிருந்து அடுத்த நகைக்குத் தாவிக்கொண்டே இருக்கும். கங்கைகொண்ட சோழபுரத்துச் சண்டேச அனுக்கிரக மூர்த்தியின் முன்னால் அது நிகழாது. அடியவர் தலையில் சிவன் மாலை சுற்றும் அந்த விரல்களில் பார்வை நிலைத்துவிடும். மிகையாக எதையும் சேர்க்கவிடாத கல், உணர்ச்சியை ஒரே இடத்தில் குவிக்கும்படி சிற்பியை நெருக்கியிருக்கிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இந்தக் கட்டுரையின் வாக்கு சோழபுரத்துக்கே.

கருங்கல்லுக்கும் பலவீனங்கள் இல்லாமல் இல்லை. அழுத்தத்தைத் தாங்குவதில் அது பீமன். நல்ல கிரானைட் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஆயிரம் கிலோவுக்கு மேல் தாங்கும். இழுவிசை என்று வந்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தாங்காது. நீளமான கல் உத்திரத்தைத் தூக்கிவைத்தால் தன் எடையாலேயே அடிப்பக்கம் விரிசல் விடும். எனவே தூண்களை நெருக்கி நடவேண்டும். மதுரை ஆயிரங்கால் மண்டபத்தின் 985 தூண்கள் வெறும் ஆடம்பரமல்ல, பரந்த கூரைக்குக் கல் கேட்ட விலையும் அதில் உண்டு. இந்தக் கட்டாயத்தையே நம்மவர்கள் அழகாக்கிவிட்டார்கள். தூண் ஒவ்வொன்றும் ஒரு சிலை மேடையானது.

வளையாத கல்லை வளைத்துக்காட்டும் ஆசையும் ஸ்தபதிகளை விடவில்லை. காஞ்சி வரதராஜர் கோயில் மண்டபத்தின் மூலைகளில் ஒரே கல்லில் வெட்டிய சங்கிலி தொங்குகிறது. ஆவுடையார்கோயிலின் கொடுங்கையில் கல்லை மெல்லிய கூரையாக இழைத்து, அடியில் மரச்சட்டமும் ஆணியும் கல்லிலேயே காட்டியிருக்கிறார்கள். அந்தக் கொடுங்கையும் திருவலஞ்சுழிப் பலகணியும் நீங்கலாக வேறு எந்த வேலையையும் செய்து தருகிறோம் என்று அந்தக் கால ஸ்தபதிகள் ஒப்பந்தம் பேசுவார்கள் என்பது வழிவழியாக வரும் பேச்சு.

இப்படிப்பட்ட வேலைக்கு, உள்ளே மறைந்த விரிசல் இல்லாத கல் வேண்டும். அதைக் கண்டுபிடிக்கக் காதுதான் கருவி. வெண்கல மணி போலக் கணீரென்று ஒலிப்பது ஆண் கல், இதமான நாதம் தருவது பெண் கல், ஓசையே எழாதது நபும்சகக் கல் என்று சிற்ப நூல்கள் பிரிக்கின்றன. தெய்வ உருவங்களுக்கு முதல் இரண்டு, மூன்றாவது அடித்தளத்துக்கு. இதில் நல்ல பௌதிகம் இருக்கிறது. விரிசலோ சிதைவோ உள்ள கல்லில் அதிர்வு அங்கேயே மடிந்துவிடும். திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலிலும் சுசீந்திரத்திலும் தூணைத் தட்டினால் இசை எழுகிறதென்றால், பழுதில்லாத கல்லைத் தேடிய அந்தக் காதுகளுக்கு அதில் பெரும்பங்கு உண்டு.

கல்லின் எதிரிகள் வெயில், நீர், உப்பு. பகல் சூட்டில் கனிமங்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவில் விரிந்து, இரவில் சுருங்குகின்றன. ஃபெல்ட்ஸ்பார் நீரில் மெல்ல மெல்லக் களிமண்ணாக மாறுகிறது. மாமல்லபுரத்திலேயே இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். மகிஷாசுரமர்த்தினி குகையில் சிம்மத்தின் மேல் வில்லோடு பாயும் துர்க்கை இன்றும் முனை மழுங்காமல் இருக்கிறாள். அவளுக்குப் பிற்காலத்தில் எழுந்த கடற்கரைக் கோயிலின் வெளிச்சுவர்ச் சிற்பங்களோ கூழாங்கல்லாகிவிட்டன. உப்புக்காற்று கல்லின் நுண்துளைகளில் புகுகிறது, உள்ளே உப்பு படிகமாகிப் பருக்கிறது, மேல்தோல் உதிர்கிறது. தொல்லியல் துறையினர் ஈரக் காகிதக்கூழைச் சுவரில் அப்பி உலரவிடுகிறார்கள். உலரும்போது கல்லுக்குள்ளிருக்கும் உப்பு கூழுக்கு வந்துவிடும். பிறகு அதை உரித்து எடுக்கிறார்கள். பொறுமையான இந்த வைத்தியமும், சவுக்குத் தோப்பும், கடலோரக் கல்லணையும் சேர்ந்துதான் அந்தக் கோயிலைக் காத்துவருகின்றன.

ஆனால் வெயிலும் கடலும் நூற்றாண்டுகளில் செய்வதை மனிதர்கள் ஒரே நாளில் செய்துவிட முடியும். திருப்பணி என்ற பெயரில் பல தமிழ்நாட்டுக் கோயில்களில் மணல்வீச்சு நடந்தது. அழுத்தமான காற்றில் மணலைப் பீய்ச்சி அழுக்கை நீக்கும் முறை அது. மணல் என்பது குவார்ட்ஸ், 7. கல்லில் பெரும்பகுதி ஃபெல்ட்ஸ்பார், 6. அழுக்கோடு சேர்ந்து மெருகும் போனது, கல்வெட்டு எழுத்தின் விளிம்பும் போனது. ஆய்வாளர்கள் குரல் எழுப்பிய பிறகு தடை வந்தது. கல்லே கிடைக்காத காவிரி வண்டலுக்குத் தொலைவிலிருந்து பாறைகளைச் சுமந்துவந்து, 200 அடிக்கும் உயரமான விமானம் எழுப்பி, 1010இல் ராஜராஜன் முடித்த தஞ்சைப் பெரிய கோயிலில் அதிட்டானத்து எழுத்துகளை இன்றும் விரலால் தடவி வாசிக்க முடிகிறது. ஆயிரம் ஆண்டு வெயில் அழிக்காத அப்படிப்பட்ட எழுத்தைத்தான் மணல்வீச்சு ஒரே நாளில் அழித்துவிடும்.

உங்கள் ஊர்க் கோயிலில் அடுத்த குடமுழுக்குக்கு வேலை தொடங்கும்போது ஒருமுறை போய் நின்று கேளுங்கள். தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும் என்று சொல்லுங்கள். கல்வெட்டின் மேல் எனாமல் பெயின்ட் பூசவிடாதீர்கள். அது ஈரத்தை உள்ளேயே அடைத்துவைத்துக் கல்லை உரிக்கும். தூணை மறைத்து டைல்ஸ் ஒட்டவந்தால் தடுத்து நிறுத்துங்கள்.